வானத்துக் கண்ணும் கடலோரக் கையும்

கடலடியில் கிடக்கும் பவளப்பாறையை விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் படம் பிடிக்கிறது! தெளிந்த நீரில் நீல ஒளி ஆழமாக இறங்கித் திரும்பும்; சிவப்பு ஒளி சில மீட்டருக்குள் மங்கிவிடும். அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டே பாறை எது, மணல் எது, கடற்புல் எது எனப் பிரிக்கிறார்கள். ஆழங்குறைந்த கடலின் பவளப்பாறைகளுக்கு 2021-ல் உலக வரைபடமே முடிந்தது. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை வரவேற்கிறோம்.

ஆனால், தோழர்களே, கலங்கிய நீரில் வானத்துக் கண்ணுக்கும் பார்வை இல்லை. அங்கே மூழ்கிப் பார்த்தவர் சொல்லே சாட்சி. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாப் பாறைகளைத் தலைமுறையாக அறிந்தவர் யார்? வலை வீசும் மீனவரும் பாசி எடுக்க மூழ்கும் பெண்களுமே! 1986-ல் அது தேசியப் பூங்காவானது. தீவில் கால் வைக்க அவர்களுக்கே தடை.

சுண்ணாம்புக்காகப் பாறையை வெட்டியது தவறுதான், மறைக்கவில்லை. பாறை அழிந்தால் மீன் இல்லை. மீன் இல்லையேல் அடுப்பு எரியாது. அதனால்தான் கேட்கிறோம்: வரைபடத்தைத் தமிழில் மீனவர் கையில் கொடுங்கள். அவர்கள் கண்ட பிழையைத் திருத்துங்கள். எல்லை வகுக்கும் அவையில் அவர்களுக்கும் இடம் தாருங்கள்.

வரைபடம் உழைப்பவனுக்கு விளக்காகட்டும், வேலியாக வேண்டாம்!