விசாரணையில் ஒலி ஏதும் இல்லை

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஒலிபெருக்கி எங்கே, எத்தனை மணி வரை, எந்த அளவில் இயங்கலாம் என்பதை ஆட்சியர் அவர்களுக்கு எடுத்துரைப்பது இம்மடலின் நோக்கமன்று. அவ்விதிகளைக் காக்கும் பொறுப்பே அவர்களுடையது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டங்களில் அளிக்கப்பட்ட மனுக்கள் பயனற்றுப் போனமையால், ஒரே ஒரு நிகழ்வு மட்டும் இங்கே பொதுவில் வைக்கப்படுகிறது.

இம்மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில், அரசு மாணவியர் விடுதிக்கு நேரெதிரே நிற்கும் மின்கம்பத்தில், கடந்த மார்ச் மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நாட்களில், திருவிழாவுக்கெனக் கூம்பு ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டு, நள்ளிரவு கடந்தும் திரைப்பாடல்களும் நன்கொடையாளர் பெயர்களும் ஒலித்தன. உடனே அளிக்கப்பட்ட மனு வட்டாட்சியருக்கும் அங்கிருந்து காவல் நிலையத்துக்கும் பயணம் செய்து, தேர்வும் முடிந்து பந்தலும் பிரிக்கப்பட்ட பின்னர், நேரில் விசாரித்ததில் ஒலிபெருக்கி ஏதும் இயங்கவில்லை என்பதால் மனு முடித்து வைக்கப்படுகிறது என்னும் பதிலோடு திரும்பியது. பந்தற்கால் பிடுங்கிய குழிகளைப் பார்த்து எழுதிய அறிக்கையில் பொய் ஏதுமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சத்தம் பழகிவிடும் என்று மாணவியருக்கு ஆறுதலும் சொல்லப்பட்டது. படித்த சொற்களைப் பொருள் விளங்கும் வரை சில நொடிகள் ஏந்தி நிற்கும் ஆற்றலை உளவியலார் செயல்நினைவு என்பர். வாய்திறவாமல் மனப்பாடம் செய்பவரும் சொற்களை உள்ளுக்குள் ஒலித்துக்கொண்டே இருப்பதால், வெளியிலிருந்து வரும் பேச்சும் பாட்டும், அவற்றைக் கேட்கும் விருப்பம் சற்றும் இல்லாதபோதும், அந்த உள்ளொலியைக் கலைத்துவிடுகின்றன. மின்விசிறியின் சீரான இரைச்சல் அவ்வளவாகக் கெடுப்பதில்லை, நொடிக்கு நொடி மாறும் ஒலியே கெடுக்கிறது. நியூயார்க்கில் உயர்மட்ட இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த ஒரு தொடக்கப்பள்ளியில் ஆர்லின் பிரான்சாஃப்ட் நடத்தி 1975-இல் வெளியிட்ட ஆய்வு, ரயில் பக்க வகுப்பறைகளில் பயின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபக்கத்தவரைவிட வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்ததைக் காட்டியது. பழக்கம் அவர்களைக் காப்பாற்றவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர்த் தகடுகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகளும் பொருத்தப்பட்ட பின்னர், 1981-இல் வெளிவந்த மறு ஆய்வில் அவ்வேறுபாடு மறைந்திருந்தது. ஓடும் ரயிலையே அங்கே அடக்க முடிந்தது. இங்கே ஒரு கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்க்க ஆளில்லை.

கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் படியுங்கள் என்று ஆட்சியர் பள்ளி விழாக்கள்தோறும் அறிவுரை வழங்குகிறார். நல்ல அறிவுரைதான், ஆனால், கைபேசியை அணைத்துவிடும் மாணவியால் மின்கம்பத்தை அணைக்க முடியாது. மூடிய அறையும் குளிர்சாதனமும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இச்சிக்கல் இல்லை. தகரக் கதவுச் சன்னலை விட்டால் வேறு காப்பில்லாத விடுதிப் பிள்ளையும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறாள்.

அடுத்த மார்ச் வரப்போகிறது. அப்போதும் மனு கொடுத்தால்தான் ஆகும் என்றால், அதை வாங்கிக்கொள்ள ஆட்சியரே நள்ளிரவில் அவ்விடுதிக்கு வரட்டும்.