கண்டு தெளிந்த கமக்காரர்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம் முன்னோர் வாக்கு. கமத்தொழிலில் இஃது எத்துணை உண்மை என்பதைப் பிரான்சு தேசத்து முந்திரிகைத் தோட்டங்களின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது. இவ்வாரம் அதனைச் சிறிது நோக்குவோம்.

பிரான்சில் முந்திரிகைப் பழத்திலிருந்து வடிக்கும் வைன் எண்ணற்ற குடும்பங்களின் சீவனோபாயமாகும். 1863ஆம் ஆண்டளவில் அந்நாட்டின் தென்பகுதியிற் கொடிகள் காரணம் தெரியாது வாடலாயின. பட்ட கொடிகளைப் பிடுங்கிப் பார்த்தோர் அழுகிய வேரையன்றி வேறொன்றும் கண்டிலர். 1868இல் மொன்பெலியே நகரப் பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடைய தோழர் இருவரும், பட்ட கொடிகளை விடுத்து, உயிருள்ள கொடிகளின் வேரைத் தோண்டி நோக்கினர். ஆங்கே மஞ்சள் நிறச் சிறு பூச்சிகள் மொய்த்திருந்தன. பிலொக்சேரா எனப்படும் அப்பீடை, அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து வந்ததாகும்.

தக்க மருந்து கண்டறிவோர்க்கு 300,000 பிராங்கு பரிசளிப்பதாக அரசாங்கம் 1874இல் அறிவித்தது. யோசனைகள் வந்து குவிந்தன. உயிருள்ள தேரையைக் கொடியின் அடியிற் புதைக்குமாறு கூறியவரும் உளர்! மொன்பெலியேக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் 300க்கும் மேற்பட்ட முறைகளை நிலத்திலேயே பரீட்சித்துப் பார்த்தனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பயன்படவில்லை. எனினும் அவ்வுழைப்பு வீணாயிற்று என்று நாம் கூறமாட்டோம். எந்த மருந்து பொய் என்பதைக் கண்ணாரக் காண்பதும் கமக்காரருக்கு இலாபமே. கைப்பொருளை அதற்காக அவர் இறைக்க வேண்டியதில்லை அல்லவா?

பீடையைத் தாங்கும் வன்மை அமெரிக்கக் கொடியின் வேருக்கு உண்டு. ஆகவே அவ்வேரின்மீது பிரான்சுக் கொடியை ஒட்டுக்கட்டுவதே வழியென அறிஞர் சிலர் உரைத்தனர். கமக்காரர் பலர் இணங்கினாரல்லர். “பீடையைக் கொணர்ந்த கொடியையா எம் நிலத்தில் நடுவது? வைனின் சுவை கெடாதோ?” என்பது அவர்தம் ஐயம். தந்தையும் பாட்டனும் நட்ட கொடிகளை வேரோடு பிடுங்கி எறிதல் எளிதான காரியமா? அவர்களை நாம் மூடர் என்று இகழ்தல் தகாது.

அவர்தம் ஐயத்தைத் தீர்த்தவை மேடைப் பேச்சுக்கள் அல்ல. மொன்பெலியே விவசாயக் கல்லூரி அமெரிக்கக் கொடிகளைத் தன் நிலத்தில் வளர்த்துக் காட்டியது. மாவட்டந்தோறும் ஒரு விவசாயப் பேராசிரியரை நியமிக்க 1879இல் சட்டம் இயற்றப்பட்டது. அவர்கள் ஊர் ஊராகச் சென்று கமக்காரருக்குப் போதித்தனர். ஒட்டுக்கட்டும் பள்ளிகள் பல தோன்றின. கத்தியைப் பிடிக்கும் விதமும், தண்டோடு தண்டைப் பொருத்திக் கட்டும் விதமும் ஆங்கே கற்பிக்கப்பட்டன. பக்கத்து நிலத்தில் ஒட்டுக்கொடி தழைத்துக் காய்ப்பதைக் கண்டவர் தாமும் நடலாயினர்.

ஆயினும் ஓரிடத்தில் கண்டது எவ்விடத்துக்கும் பொருந்துவதன்று. சுண்ணாம்புப் பாங்கான நிலங்களில் நட்ட அமெரிக்கக் கொடிகள் பல, இலை மஞ்சளித்து நலிந்தன. எனவே 1887இல் பியேர் வியாலா என்னும் அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சாசின் சுண்ணாம்பு மண்ணில் தழைக்கும் இனத்தைத் தேர்ந்தார். அவ்வினத்தைக் கலந்து பெற்ற கொடிகளே பின்னர் அந்நிலங்களைக் காத்தன. இன்று பிரான்சின் முந்திரிகைத் தோட்டங்களிற் பெரும்பாலானவை ஒட்டுக்கொடிகளால் ஆனவையே.

இவ்வுண்மையை இக்காலத்தவரும் மறந்தாரல்லர். கலிபோர்னியாவின் லோடாய்ப் பகுதி முந்திரிகைக் கமக்காரர் 1991இல் தமக்கென ஒரு சபை அமைத்து, அதன் செலவுக்குத் தாமே பணம் செலுத்த இசைந்தனர். அயலவர் தோட்டத்திற் கூடி, கொடி வரிசைகளிடையே பசும்பயிர் வளர்த்து மண்ணைக் காத்தல், எலியினங்களை ஒடுக்க ஆந்தைகளுக்குக் கூடு வைத்தல் முதலியவற்றை நேரிற் கண்டு பழகுகின்றனர். தத்தம் தோட்டத்தின் குறைநிறைகளைத் தாமே மதிப்பிட உதவும் பயிற்சிநூல் ஒன்றையும் அச்சபை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது.

நாளை விவசாயப் போதனாசிரியராக விரும்பும் மாணவர்காள்! கமக்காரர் உங்கள் சொல்லை உடனே ஏற்காவிடின் மனம் சலியாதீர்கள். அவர் நிலத்தில், அவர் மண்ணில், அவர் கண்முன்னே செய்து காட்டுங்கள். தவறிய வரிசையையும் மறைக்காது காட்டுங்கள். அப்பொழுதே உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டாகும்.