சீனரி இல்லை சார், சோறு!

சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்த நம்மூர்க்காரர் யாரிடமாவது பேசிப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும்: ‘அங்கே ஏரித் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார். நம்ம ஊர்லயும் இருக்கே...’ அந்த ‘இருக்கே’வுக்குப் பிறகு ஒரு பெருமூச்சு.

ஐரோப்பா டூர் போகிறவர்கள் மத்தியில் ‘தனி கார், ஒரே நாள்’ திட்டத்துக்கு நல்ல மவுசு. காலையில் சூரிக்கில் ஏறினால் லூசெர்ன் ஏரி, ப்ரூனிக் கணவாய், பிரியன்ஸ் ஏரி, சாயங்காலம் இன்டர்லாகென். வழியெல்லாம் நம் சினிமாக்காரர்கள் டூயட் பாடிய புல்வெளி. இன்டர்லாகெனில் இந்தி டைரக்டர் யஷ் சோப்ராவுக்கு 2016-ல் சிலையே வைத்துவிட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவ்வளவு பேர் இங்கிருந்து கிளம்பிப் போயிருக்கிறார்கள்!

போகட்டும். உழைத்துச் சம்பாதித்த காசில் ஊர் சுற்றிப் பார்ப்பதில் ஒரு தப்பும் இல்லை. என் சண்டை வேறு. அதே குடும்பம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, அதே மாதிரி தனி கார் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பழவேற்காடு போகிறது. மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி தாண்டினால் ஏரிக்கரை. ஒரிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். அங்கே போய் என்ன செய்கிறது?

கரையோரமாக காரை நிறுத்துகிறது. பார்சல் பிரியாணியைப் பிரிக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறை வாசலில் எலும்புக்கூடு சிற்பத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறது. பூநாரை எங்கே என்று தேடுகிறது. கண்ணில் படவில்லை என்றால் ‘ஒண்ணுமே இல்லை, வேஸ்ட்’ என்று தீர்ப்பு சொல்கிறது. தெர்மோகோல் தட்டு, தண்ணீர் பாட்டில், ஆண்கள் மட்டும் வந்த காராக இருந்தால் அந்த ‘இன்னொரு’ பாட்டில், எல்லாவற்றையும் கரையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது.

அந்த இன்னொரு பாட்டிலைப் பற்றி ஒரு தகவல். பழவேற்காடு ஏரியில் ஆழம் குறைந்த இடங்களில் இருளர்கள் வலையே இல்லாமல் இறால் பிடிப்பார்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து, மெல்ல நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பது. கை இரண்டும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். ஆணும் செய்வார்கள், பெண்ணும் செய்வார்கள். நீங்கள் ஜாலியாக வீசி உடைத்த பாட்டிலின் சில்லு எந்தச் சேற்றில் போய்ச் சொருகியிருக்கும், எந்தக் கையில் ஏறும் என்று யோசித்துப் பாருங்கள்.

நமக்கு அது சீனரி. அவர்களுக்கு அது சோறு.

ஏரியைத் தொழில் செய்கிற இடமாகப் பார்க்க நாம் பழகவே இல்லை. ஆனால் அந்த ஏரிக்குள் ஓர் அலுவலகத்துக்குரிய ஒழுங்கு உண்டு. ‘பாடு’ என்று பெயர். எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டலாம் என்று மீனவ கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கின்றன. சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளைக்குச் சுமாரான இடம். யாரும் முழுதாக ஜெயிக்க முடியாது, யாரும் முழுதாகத் தோற்கவும் முடியாது. அதிலும் குறை உண்டு. பாட்டில் பங்கு உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்கிற பேதமும் அதனால் வருகிற சண்டையும் அங்கே பழைய கதை. ஆனாலும் சர்க்கார் ஆபீசர் ஒருவரும் உட்கார்ந்து எழுதாத ஒரு சட்டம், தலைமுறை தலைமுறையாக அந்தத் தண்ணீரின் மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

காரில் வருகிற நமக்கு இது எதுவும் தெரியாது. நமக்குத் தெரிவது, ‘எவ்வளவு தண்ணி, எவ்வளவு காலி இடம்!’ இந்த ‘காலி இடம்’ என்கிற வார்த்தைதான் ஆபத்து. ஏனென்றால் கோட்டையில் உட்கார்ந்து மேப்பைப் பார்க்கிறவரும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்.

சரி, சுவிட்சர்லாந்துக்கு வருவோம். அந்தக் கண்ணாடித் தண்ணீர் ஆண்டவன் கொடுத்தது என்று நினைக்கிறீர்களா? பேசல் நகரத்திலிருந்து லூசெர்ன் போகும் வழியில் செம்பாக் என்று ஓர் ஏரி வரும். 1984-ல் அந்த ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. சாக்கடையும், வயல் உரமும், சலவைத்தூளில் இருந்த பாஸ்பேட்டும் கலந்து, பாசி மண்டி, தண்ணீரில் பிராணவாயுவே இல்லாமல் போயிருந்தது. நோயாளிக்கு வைக்கிற மாதிரி ஏரிக்குக் குழாய் வைத்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். 1986-ல் சலவைத்தூளில் பாஸ்பேட் சேர்க்கவே தடை போட்டார்கள். சோப்புக் கம்பெனிகள் மூடிக்கொண்டு ஓடிவிடவில்லை.

மலைக்கும் அதே கதைதான். ஆல்ப்ஸ் கணவாய்களில் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் நடுவே லாரிகள் புகை கக்கிக்கொண்டு ஓடின. ‘குறுக்கே போகிற சரக்கை ரயிலில் ஏற்று’ என்று மக்கள் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக் கேட்டார்கள். அரசாங்கம் ‘வேண்டாம், எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்’ என்றது. 1994 பிப்ரவரி 20 அன்று 51.9 சதவிகிதம் பேர் ‘வேண்டும்’ என்று போட்டார்கள். அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. நிர்ணயித்த இலக்கை அவர்களும் முழுதாக எட்டிவிடவில்லை. ஆனால் அந்த ஓட்டுக்குப் பிறகு எந்த மந்திரியும் ‘காலி மலைதானே’ என்று பேச முடியாது.

ஆக, நீங்கள் யூரோவிலும் ஃபிராங்கிலும் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்த சீனரி, அந்த ஊர் ஜனங்கள் சண்டை போட்டுக் காப்பாற்றிய சீனரி.

இங்கே?

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்கள், குழந்தைகள். மாவட்ட நிர்வாகம் என்ன செய்தது? படகு சவாரிக்குத் தடை. தடைக்குப் பிறகும் சவாரி நடக்கிறது என்று பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது. வராமல் என்ன செய்யும்? மீன்பாடு குறைந்த நாளில், காரில் வந்தவர் நீட்டுகிற நோட்டு அடுப்பை எரிய வைக்கும். திருட்டுத்தனமாக நடக்கிற சவாரியில் லைஃப் ஜாக்கெட்டை யார் கேட்பார்கள்?

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது கேரள அரசு சுற்றுலாக் கழகத்தின் படகு. தேக்கடியும் சரணாலயம்தான். அங்கே படகு நின்றுபோய்விடவில்லை. லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்றார்கள், மறுபடி ஓட்டினார்கள். நம்ம முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் தமிழ்நாடு சுற்றுலாக் கழகம் படகு விடவில்லையா? சர்க்கார் படகு கவிழ்ந்தால் விதி வருகிறது. மீனவர் படகு கவிழ்ந்தால் தடை வருகிறது. இது என்ன நியாயம்?

தடைக்குச் சொல்லக்கூடிய கௌரவமான காரணம், இது பறவைகள் சரணாலயம் என்பது. ரொம்ப சரி. பத்துப் பேர் ஏறிய துடுப்புப் படகால் பூநாரைக்குத் தொந்தரவு. ஆனால் அதே ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பெரிதாக்க ஒரு திட்டம் வந்தது. எல் அண்ட் டி கட்டி, 2018-ல் அதானி குழுமம் வாங்கிய துறைமுகம் அது. சுமார் 330 ஏக்கரை 6,110 ஏக்கராக்க வேண்டுமாம். அதில் ஒரு பகுதி, கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலம். படகு போனால் பறக்கிற பறவை, பக்கத்தில் துறைமுகம் வந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்குமா?

‘துறைமுகம் வேறு இடம், ஏரி வேறு இடம்’ என்று சொல்கிறவர்கள் மெரினாவுக்குப் போய் நிற்கட்டும். நம் கிழக்குக் கடற்கரையில் அலை மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. மணல் வராத வடக்கே, ராயபுரம் பக்கம், கடல் கரையைத் தின்றது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே என்ன இருக்கிறது? பழவேற்காடு. கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அதன் மேல் மீனவ கிராமங்கள்.

மணல் கணக்கு இன்னொரு இடத்திலும் இடிக்கும். கடலில் பிறக்கிற இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. முகத்துவாரம் மணல் மூடினால் குஞ்சு வராது. இறால் இல்லை, இறாலை நம்பிய பாடும் இல்லை. முகத்துவாரத்தைத் திறந்து வையுங்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருக்கிறார்கள்.

அந்தத் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22 அன்று கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்தது, ஒத்திவைத்தார்கள். 2023 செப்டம்பர் 5 என்று அறிவித்தார்கள். மறுபடி எதிர்ப்பு, மறுபடி ஒத்திவைப்பு. ஒத்திவைப்பது வேறு, கைவிடுவது வேறு என்பது உங்களுக்கும் தெரியும்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: ‘அப்போ வளர்ச்சியே வேண்டாமா? கரண்ட் இல்லாம நீங்க இந்தக் கட்டுரையை டைப் அடிப்பீங்களா?’ நல்ல கேள்வி. நான் படித்தது காமர்ஸ், அதனால் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். ஐந்தொகையில் சொத்து என்று எழுதினால்தான் அதற்குத் தேய்மானம் போட முடியும். ஒரு மெஷினைச் சொத்தாகவே எழுதாவிட்டால், அது துருப்பிடித்து உதிர்ந்தாலும் புத்தகத்தில் நஷ்டம் தெரியாது. துறைமுகம் சொத்து. வல்லூரில் 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம் சொத்து. ஏரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் அது எவ்வளவு தேய்ந்தாலும் நமக்கு லாபம்தான் தெரிகிறது. நான் வளர்ச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்கிறேன்.

இந்தக் கள்ளக் கணக்கு புதிதும் இல்லை. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி போனது, வெடிமருந்து போனது, அடிமைகளாக மனிதர்களும் கப்பலேறினார்கள். லாபம் ஆம்ஸ்டர்டாமில் எழுதப்பட்டது. பிறகு, 1971-ல் முதல் ராக்கெட் கிளம்பிய ஸ்ரீஹரிகோட்டாவுக்காகத் தீவில் குடியிருந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். தேசத்துக்கு ராக்கெட் வேண்டும்தான். ஆனால் விண்ணில் பாயும்போது கை தட்டுகிற நாம், அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று கரையில் உட்கார வைக்கப்பட்ட மீனவரின் ஒரு நாள் கூலியை எந்தப் பத்தியில் எழுதினோம்?

திட்டியாகிவிட்டது. செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன்.

அரசுக்கு: படகு சவாரியை மீனவர்களின் கூட்டுறவுச் சங்கத்திடம் கொடுங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு, லைஃப் ஜாக்கெட், பறவை வரும் பருவத்தில் போகக் கூடாத இடங்கள் என்று விதி போடுங்கள். ஏரியில் பிறந்தவர்களுக்கு ஏரியைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வருமானத்துக்கு வழி விட்டால் போதும்.

உங்களுக்கு: தனி கார் இல்லாமலும் போகலாம். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்கள். அத்திப்பட்டு தாண்டும்போது வலது பக்க ஜன்னலில் புகைபோக்கிகளைப் பாருங்கள், உங்கள் வீட்டு ஏசி அங்கிருந்தும் ஓடுகிறது. மீஞ்சூர், அடுத்து அனுப்பம்பட்டு, அடுத்து பொன்னேரி. இறங்கி பஸ் பிடியுங்கள். கரையில் மீன் விற்கிற அம்மாவிடம் பத்து ரூபாய்க்காகப் பேரம் பேசாதீர்கள். இன்டர்லாகெனில் ஒரு காபிக்குப் பேசாமல் கொடுத்தீர்களே! அந்த ஊர்ப் பெண்கள் முடைகிற பனையோலைக் கூடை ஒன்று வாங்குங்கள். அதிலேயே உங்கள் குப்பையைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நேரில் பேசுவது அந்தப் பகுதி மக்களின் உரிமை. ஆனால் 2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைப்படி, சுற்றுச்சூழல் அக்கறை உள்ள மற்றவர்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். சென்னையில் இருக்கிற நீங்களும் அனுப்பலாம். அடுத்த தேதி அறிவிக்கும்போது ஒரு தாளில் நாலு வரி எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்கள். சுவிட்சர்லாந்து மாதிரி வாக்கெடுப்பு நமக்கு இல்லை. நாலு வரி எழுதுகிற உரிமை இருக்கிறது.

அனுப்புவீர்களா, இல்லை அடுத்த லீவுக்கு எந்த ஏரி என்று டூர் புத்தகத்தைப் புரட்டுவீர்களா?