வேகம் கூடியது பயிற்சியாலா?

'புதுப் பயிற்சி முறையில சைக்கிள் ஓட்டினாராம்... ரிக்கார்டையே உடைச்சுட்டாராம்!' - யாராவது இப்படிச் சொன்னால் உடனே தலையாட்டி விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சைக்கிள் பந்தயத்தில் 'ஒரு மணி நேர சாதனை' என்று ஒன்று உண்டு. தன்னந்தனியாக ஒரு மணி நேரம் மிதிக்க வேண்டும். எவ்வளவு தூரம் போனார் என்பதுதான் கணக்கு. 1972-ல் மெக்ஸிகோ நகரில் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-ல் அதே ஊரில் இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கி.மீ. ஓட்டி அதை முறியடித்தார்.

'எல்லாம் விஞ்ஞானப் பயிற்சி!' என்று ஒரே பாராட்டு. பேராசிரியர் கொன்கோனியின் முறைப்படி, இதயத் துடிப்பை அளந்து அளந்து பயிற்சி எடுத்தவர் அவர். சரி... அவருடைய சைக்கிளில் கம்பிச் சக்கரத்துக்குப் பதில், காற்றில் சுலபமாகப் போகிற தட்டுச் சக்கரம் இருந்ததே? போதாததற்கு, ரத்தம் ஏற்றிக்கொண்டதையும் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். (அப்போது அதற்குத் தடை இல்லை.) இதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, சொல்லுங்கள்!

இன்னொருவரைப் பாருங்கள். இங்கிலாந்தின் கிறிஸ் போர்டுமன் 1996-ல் மான்செஸ்டரில், கைகளை முன்னால் நீட்டி 'சூப்பர்மேன்' மாதிரி குனிந்து ஓட்டியபோது 56.375 கி.மீ. பிறகு, மெர்க்ஸ் காலத்து மாதிரி சைக்கிளில் ஓட்டினால்தான் செல்லும் என்று விதி வந்தது. 2000-ல் அதே மான்செஸ்டரில், அதே மனிதர்... 49.441 கி.மீ.தான்! நாலு வயது கூடியிருந்தது, வாஸ்தவம். அதற்காக ஏழு கிலோமீட்டரா குறையும்? சமதரையில் வேகமாகப் போகும்போது பலத்தில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே செலவாகிறது. உட்காரும் விதம் மாறினால் வேகமும் மாறும்.

அதனால் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக மிதித்தால் இதயமும் தசையும் பலப்படும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு எந்த முறையிலும் முதல் சில மாதங்கள் நல்ல முன்னேற்றம் தெரியும். வளர்கிற பையனுக்கோ, வயதே வேகத்தைக் கூட்டும்! இதையெல்லாம் 'எங்க முறையோட மகிமை' என்று ஒருவர் கணக்கெழுதிக்கொண்டால் எப்படி?

பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: 'வேற என்னெல்லாம் மாறிச்சு?' சைக்கிளா, டயர் காற்றா, உடல் எடையா, தூக்கமா, சாப்பாடா? அதே சைக்கிள், அதே ரோடு, காற்றில்லாத காலை வேளை... மாதம் ஒருமுறை நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் தெரியுமா? சாம்பியனின் அட்டவணையை அப்படியே பின்பற்றியும் அந்த வேகம் வராதபோது, 'என் உடம்புதான் சரியில்லை' என்று பிள்ளை மனம் உடைகிறான். மாத்திரை, ஊசி என்று யாராவது ஆசை காட்ட, அதுதான் சமயம். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்!