நாட்பட்ட இலையும் வெற்றிலை வட்டாவும்

நாட்பட நாட்பட நன்மை மிகும் என்பது பல பொருள்களைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள எண்ணம். புளியும் தேனும் நட்பும் நாட்பட்டாற் சிறக்கும் என்பர். புகையிலையின் சுவையறிந்தோர் அதனையும் இவ்வரிசையிற் சேர்த்தனர். மேனாட்டார் சுங்கானுக்குரிய புகையிலையைத் தகரப் பேணியில் அடைத்துப் பல்லாண்டு காத்திருப்பர். மூடியைத் திறந்ததும் எழும் மணத்தை முதலில் நுகர்ந்து மகிழ்வர். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் வாழ்ந்த நம் முதியோர்க்கு அத்தகைய மகிழ்ச்சியைத் தந்தது யாழ்ப்பாணப் புகையிலை. சிப்பத்தைப் பிரித்து, ஓரிலையை எடுத்து முகர்ந்து, நுனியைக் கிள்ளி நாவில் வைத்து, "இது பதமானது" என்று தீர்ப்பளிக்கும் அவர்தம் நுண்மை, புலவரின் சொல்லாராய்ச்சிக்குக் குறைந்ததன்று.

அந்த மணம் தானாக வந்ததுமன்று. வெட்டிய இலையை வாடவிட்டு, தேங்காய்ப் பொச்சின் புகையூட்டி, அடுக்கி அழுத்திப் புழுங்கவைத்த உழைப்பின் பயன் அது. அப்புழுக்கத்தில் இலையின் மாப்பொருளும் புரதமும் சிதைகின்றன. அமோனியாவின் கார நெடி தணிகின்றது. இத்தொழிலில் யாழ்ப்பாணத்து உழவர் எய்திய பெயர் கடல் கடந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே அவர்தம் இலை திருவிதாங்கூருக்குச் சென்றது. மலையாள மக்களின் நாவில் யாழ்ப்பாணம் "ஜாப்பாணம்" எனத் திரிந்து, புகையிலைக்கு அடைமொழியாகவே நிலைத்துவிட்டது. அவ்வுழைப்பை யான் இகழேன்.

ஆயின், "நாட்பட்ட இலை சாதுவானது, அது தீங்கு செய்யாது" என்று இன்றும் சிலர் கூறிவருவதை மறுத்தே ஆகவேண்டும். பச்சையிலையில் மிக அருகியே காணப்படும் நைத்திரோசமைன் என்னும் நச்சுப்பொருள்கள், இலையை உலர்த்திப் புழுக்கிப் பதப்படுத்தும் காலத்திலேயே பெரிதும் தோன்றுகின்றன. மணத்தை வளர்க்கும் அதே காலம் நஞ்சையும் வளர்க்கின்றது. காரம் தணிந்தமையால் நாவுக்குக் கிட்டவேண்டிய எச்சரிக்கை கிட்டாமற் போகின்றது, அவ்வளவே. பழம், பழமை என்னும் இரு சொற்களும் ஒலியால் அண்டை வீட்டார். பொருளால் எப்போதும் உறவினர் அல்லர். இலங்கையின் ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கின்றது. கொடுப்பில் அடக்கிவைக்கும் இலைக்கு அதில் உள்ள பங்கை மருத்துவர்கள் பல்லாண்டாக எடுத்துரைத்து வருகின்றனர்.

இதனைச் சொன்னால், "நம் மரபை அழிக்கப் பார்க்கிறீரோ?" என்று வினவுவோர் உளர். மரபு யாது? சிலப்பதிகாரத்தில், உண்டு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் கொடுக்கின்றாள். அங்கே புகையிலை இல்லை. இருக்கவும் இயலாது. 1492-ஆம் ஆண்டிற் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்த பின்னரன்றோ அச்செடி நம் உலகுக்குத் தெரியவந்தது! வட்டா வீட்டுக்காரர்; புகையிலை பிந்தி வந்த விருந்தாளி. விருந்தாளியை வழியனுப்பினால் வீடு இடிந்துவிடாது.

அவ்விருந்தாளிக்குத் தமிழ் குறைவற உபசாரம் செய்தது என்பதும் உண்மையே. சீனிச்சர்க்கரைப் புலவர் "புகையிலை விடு தூது" என ஒரு தூதுப் பிரபந்தமே பாடினார். மூன்று தேவர்களும் வைத்திருந்த இலைகளுள் இரண்டு நீரோடு போயின என்றும், பிரமனது இலை மட்டும் "போகையிலை", அதாவது போகவில்லை, என்றும், அதுவே புகையிலை ஆயிற்று என்றும் ஒரு சிலேடைக் கதை தமிழில் வழங்குகின்றது. இவற்றை மாணவர்க்குச் சொல்லத் தயங்கவேண்டா. சொல்லின் சுவையை நுகர இலையை மெல்லவேண்டும் என்ற விதி இல்லை.

2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலை விற்பதைத் தடுக்கின்றது. ஆனால், நம் வீட்டு வட்டா கடையன்று. கலியாண வீட்டில் அதை நீட்டுபவர் விலை கேட்பதில்லை, வயதும் கேட்பதில்லை. அங்கே சட்டம் நுழையாது; பழக்கமே நுழையவேண்டும். மார்க்க அறிஞருள்ளும் புகையிலையை மக்ரூஹ் என்போரும் ஹராம் என்போரும் உளர். விரும்பத்தக்கது என்று அவர்கள் கூறக் காணோம்.

புகையிலையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று அமைதி கொள்ளவும் இடமில்லை. பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. எனவே, வட்டாவை மூலையில் வைத்துவிடுவதா? வேண்டா. அதன் பொருள் "வருக, அமர்க, நீர் எம்மவர்" என்பதே. பேரீச்சம்பழமும் ஏலமும் கராம்பும் அதே பொருளை நன்கு உரைக்கும். பித்தளை வட்டாவைப் புளியிட்டு விளக்கி, பேரீச்சம்பழம் நிறைத்து, வரும் கலியாணத்தில் முதியோர் கையாலேயே நீட்டச் செய்வோம். அவர்கள் நீட்டினால் இளையோர் மறுக்கமாட்டார்.