உப்பளத்துக்கு வராத கேமரா

அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் ஆடும் பேஸ்பால் சாம்பியன்ஷிப்பை வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் நாடு முழுக்க டிவியில் காட்டுகிறார்கள். பேஸ்பாலைக் கிரிக்கெட்டுக்கு ஒரு தூரத்துப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகிறவர்கள் இருபது வயதுப் பையன்கள். நம்மூரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் கபடி ஃபைனல் என்றைக்கு, எங்கே என்று கேட்டுப் பாருங்கள். போட்டி நடக்கிற கல்லூரியின் வாட்ச்மேனுக்கே தெரிந்திருக்காது.

அமெரிக்கர்கள் விளையாட்டுப் பைத்தியம், நாம் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் சரித்திரம் வேறு மாதிரி இருக்கிறது. அந்தப் போட்டி 1947-ல் தொடங்கியது. பின்னாளில் ஜனாதிபதியான சீனியர் புஷ் அப்போது யேல் பல்கலைக்கழக அணியில் ஆடி ஃபைனலில் தோற்றார். 1950-லிருந்து ஒமாஹா என்ற ஊரில் நடக்கிறது. முப்பது வருஷம்போல நாடு தழுவிய டிவி அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1979-ல் இ.எஸ்.பி.என். என்று விளையாட்டுக்கே ஒரு சேனல் வந்தது. பெரிய ஆட்டங்களின் உரிமையெல்லாம் பழைய கம்பெனிகளின் கையில். புதுச் சேனலுக்கோ பொழுதை நிரப்ப வேண்டும். அகப்பட்டதையெல்லாம் காட்டினார்கள். 1980-ல் இந்த மாணவர் போட்டியும் அப்படி வந்து சேர்ந்ததுதான். ஜனங்கள் பார்க்கப் பழகினார்கள். 1988-ல் சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனியே ஃபைனலைக் காட்ட முன்வந்தது. முதலில் காட்டினார்கள், பிறகுதான் கூட்டம் வந்தது. நம்மிடம் கூட்டம் வரட்டும், பிறகு காட்டலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிற்க. தூர்தர்ஷனைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைக்கு டிவி வந்தது. 1982-ல் டில்லி ஆசியாட், அதோடு கலர். பிறகு நம் ஊருக்கும் படம் தெளிவாக வந்தது. 1986 உலகக் கோப்பையில் பிரான்சும் பிரேசிலும் மோதிய இரவை அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் நேரப்படி ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பம். எங்கள் தெருவில் பாதி வீடு பிரெஞ்சு பென்ஷன் வீடுகள். டிவி இருந்த வீட்டில் திண்ணை வரைக்கும் ஆட்கள். ஒன்றுக்கு ஒன்று முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் பிளாத்தினி பந்தை மேலே அடித்துவிட்டார், ஒரு முசே தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஃபெர்னாந்தெஸ் அடித்து ஜெயித்தது. மெக்சிகோவில் நடந்த ஆட்டத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்த அந்தப் பெட்டி, பக்கத்தில் இருக்கும் உப்பளம் மைதானத்தை ஒரு நாளும் காட்டியதாக எனக்கு நினைவில்லை.

அந்தக் காலத்தில் ஒரே சேனல், கொஞ்ச நேர ஒளிபரப்பு. அதில் செய்தி, வயலும் வாழ்வும், ஒலியும் ஒளியும் எல்லாம் போக இடம் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். பிற்பாடு அந்தச் சாக்கும் போய்விட்டது. கிரிக்கெட்டைக் காட்டத் தூர்தர்ஷனே கிரிக்கெட் வாரியத்திடம் பணம் கேட்ட காலம் ஒன்று இருந்தது. 1993 ஹீரோ கோப்பைத் தகராறு கோர்ட்டுக்குப் போய், ஒலி-ஒளி அலைகள் பொதுமக்கள் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. தனியார்கள் வந்தார்கள், கிரிக்கெட் அவர்களிடம் போனது. தொண்ணூறுகளின் கடைசியில் தூர்தர்ஷன் விளையாட்டுக்கென்று தனிச் சேனலே ஆரம்பித்தது. இ.எஸ்.பி.என்.னுக்கு 1980-ல் இருந்த அதே நிலைமை: நேரம் நிறைய, சரக்கு குறைவு. நான் போடும்போதெல்லாம் பழைய மேட்ச் மறுபடி ஓடிக்கொண்டிருக்கும். 2007-ல் ஒரு சட்டம் வந்தது. முக்கியமான ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றது. ஏழை வீட்டிலும் கிரிக்கெட் தெரிந்தது, நல்ல சட்டம். ஆனால் தன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு கல்லூரி மைதானத்துக்குப் போக எந்தச் சட்டமும் வேண்டியதில்லையே!

அரசாங்கத்துக்கு இந்தப் பிள்ளைகளைத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன். விளையாட்டு வீரர்களுக்கான வேலை நியமன விதியில், பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்களுக்கும் இடம் உண்டு. அதற்கென்று ஒரு படிவம், பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் கையெழுத்து. அப்படிப்பட்ட ஃபைல்கள் என் மேஜைக்கும் வந்திருக்கின்றன. வாலிபாலில் ஒரு பெண், தென் மண்டலப் போட்டி, பெயர், தேதி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும். அவள் எப்படி ஆடினாள் என்று அந்த ஃபைலைப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவள் அம்மா அப்பா பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். வெளியூர் மைதானம், வேலை நாள், நாலு பேர் கைதட்டல். சான்றிதழ் மட்டும் மிச்சம்.

மாணவர் ஆட்டத்தில் தரம் இருக்காது, யார் பார்ப்பார்கள் என்பார்கள். கபடியைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். அரை டிராயரோடு மண்ணில் புரள்கிற சடுகுடுவை யார் பார்ப்பார்கள் என்றார்கள். 2014-ல் புரோ கபடி வந்தது, நல்ல வெளிச்சம், நல்ல கேமரா, பாடிப் போகிறவனின் முகம் கிட்டத்தில். இன்று என் பேத்திக்கு போனஸ் பாயின்ட் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2020-ல் புவனேஸ்வரில் முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டை டிவியில் காட்டினார்கள், சந்தோஷம். 2024 ஜனவரியில் சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டைத் தொடங்கிய அதே மேடையில்தான் பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறியது. ஆனால் இதெல்லாம் திருவிழா. தேர் வருகிற அன்று மட்டும் தெருவைக் கூட்டுகிற மாதிரி.

நான் கேட்பது சின்னது. புதுச்சேரியில் தூர்தர்ஷனுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. வருஷத்துக்கு நாலு ஆட்டம் போதும்: ஃபுட்பால், வாலிபால், கபடி, பெண்களுக்கு ஒரு ஃபைனல். தாகூர் கலைக் கல்லூரியோ பாரதிதாசன் மகளிர் கல்லூரியோ, யார் ஃபைனலுக்கு வந்தாலும் சரி, முழுசாகக் காட்டட்டும், எந்தத் தேதியில் என்று முன்கூட்டியே சொல்லட்டும். ரேடியோவில் கூத்தபிரானும் அப்துல் ஜப்பாரும் கிரிக்கெட்டைத் தமிழில் சொல்லிக் கேட்ட காது நமக்கு. வர்ணனைக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட வேண்டாம். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் லாசுப்பேட்டையிலும் முத்தியால்பேட்டையிலும் சாயங்காலத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், எண்பது நிமிஷம் நிறுத்தாமல் பேசுவார்கள்.