கார் நிற்கும் இடமும் பாய் விரிக்கும் இடமும்

செஞ்சியில் புதிதாக எழும் வீடுகள் பலவற்றில் திண்ணை இல்லை. திண்ணை இருந்திருக்க வேண்டிய இடத்தில் கார் ஷெட் இருக்கிறது. கார் இல்லாதவர்களும் என்றேனும் வாங்கக்கூடும் என்றெண்ணி இடம் விட்டுக் கட்டுகிறார்கள். அந்த நாள் வரும்வரை பழைய சைக்கிளும் மிச்சப்பட்ட சிமெண்டும் இன்வெர்ட்டர் பேட்டரியும் அங்கே குடியிருக்கின்றன. அதனை ஒழித்து யோகப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்னும் பேச்சு இப்போது சில வீடுகளில் எழுகிறது. வரவேற்க வேண்டிய பேச்சுதான். ஆயினும், தரைக்கு என்ன கல், சுவருக்கு என்ன வண்ணம் என்று பேசப்படும் அளவுக்கு, அந்த இடம் வீட்டில் யாருக்குரியது என்பது பேசப்படுவதில்லை.

உடலுக்கென்று ஓரிடம் ஒதுக்குவது இவ்வூருக்குப் புதிதன்று. ராஜகிரியின் அடிவாரத்தில் குதிரை லாயங்கள், கல்யாண மகால், நெற்களஞ்சியம் ஆகியவற்றோடு உடற்பயிற்சிக் கூடம் என்று சுட்டப்படும் கட்டடமும் நிற்கிறது. 2025 ஜூலையில் மராட்டியப் படைத்துறை நிலத்தோற்றங்கள் என்ற தொகுதியில் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி இடம்பெற்ற பின், அதைக் காண வருவோரும் உண்டு. நெல்லைச் சேமிக்க ஒரு கட்டடம், உடலைப் பேண ஒரு கட்டடம் என்று கோட்டை கட்டியவர்கள் கருதியிருக்கிறார்கள். ஆனால் அது போர்வீரர்களின் உலகம். இன்று விடியற்காலையில் திண்டிவனம் சாலையோரம், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் பெண்களுக்கு அப்படியோர் இடம் எங்கே இருக்கிறது?

யோகத்தின் அண்மைக்கால வரலாறும் இதே கேள்வியை எழுப்புகிறது. 1933இல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில், மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தத் தொடங்கினார். 1930களின் பிற்பகுதியில் இந்திரா தேவி என்னும் ஐரோப்பியப் பெண் அங்கே பயில வந்தபோது அவர் முதலில் இசையவில்லை. மன்னர் சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். பொதுக்கூடத்தின் கதவு ஒரு பெண்ணுக்குத் திறக்க அரசரின் சொல் தேவைப்பட்டது. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளில் அந்த யோகசாலை மூடப்பட்டது. அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ், மைசூர் லட்சுமிபுரத்துத் தம் வீட்டின் பின்புறம் 1964இல் ஒரு சிறு கூடம் கட்டினார். ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேர் அளவில் பயிலக்கூடிய இடம் அது. அரண்மனைக் கூடம் மறைந்தது. அந்த வீட்டுக்கூடத்தைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பயிற்சிக்கு மாளிகை வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை, பயிற்சிக்குரிய குடிலுக்கு இலக்கணம் சொல்கிறது. வாயில் சிறியதாக இருக்க வேண்டும், தரையில் பொந்தும் பள்ளமும் கூடாது, சாணத்தால் மெழுகித் தூய்மையாக இருக்க வேண்டும், பூச்சிகள் அண்டக்கூடாது. நிலைக்கண்ணாடி பற்றியோ சிலைகள் பற்றியோ அதில் பேச்சே இல்லை. சாளரம் வேண்டாம் என்று அந்நூல் கூறுவதை மட்டும் கார் ஷெட்டுக்குப் பொருத்தலாகாது. வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மின்னேற்றம் பெறும் ஈய அமில பேட்டரி ஹைட்ரஜனை வெளியிடும். பெட்ரோல் வாடைக்கு நடுவே பிராணாயாமம் செய்வது மூச்சுக்குச் செய்யும் தீங்கு. ஆகவே வண்டியையும் பேட்டரியையும் முதலில் வெளியேற்ற வேண்டும். கழுவும் நீர் வடிவதற்காகத் தெருப்பக்கம் சரித்துப் போடப்பட்ட தரையைச் சமன்செய்ய வேண்டும். ஷட்டரை முழுதும் இறக்காமல், காற்று புகுந்து பார்வை புகாதபடி மூங்கில் தட்டி கட்டலாம். விரிப்புக்கு ஒரு ஜமக்காளம் போதும். மேலே சிமெண்ட் ஷீட் என்றால் வெள்ளையடித்து வெப்பத்தைத் தணிக்கலாம்; பாறை சூழ்ந்த இவ்வூரின் கோடையில், வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துக்கொள்வதே நல்லது.

கார் ஷெட் உள்ளவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓரறை வாடகை வீட்டில் கைகால் நீட்டவும் இடமிராது. அதனால்தான் இடமுள்ளவர் அதனை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறோம். நான்கு பெண்கள் கூடினால் முறையாகக் கற்றறிந்த ஆசிரியை ஒருவரை வரவழைக்கவும் இயலும். வழிப்போக்கரும் அமரத் திண்ணை விட்டுக் கட்டிய மரபினர்க்கு இது பெரிய ஈகை அன்று.

எல்லாம் செய்தும் ஒன்று எஞ்சுகிறது. இடம் ஒழித்துக் கொடுத்த பின்னும், பாயில் அமர்ந்தவளை நோக்கி 'சட்டை எங்கே?', 'காப்பி ஆயிற்றா?' என்று குரல்கள் வந்துகொண்டே இருந்தால், அவளுக்கு இடம் கிடைத்தும் பொழுது கிடைக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் அடுப்பங்கரையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற உடன்பாடுதான் அக்கூடத்தின் கூரை. தரைக்குக் கல் தேர்ந்தெடுக்குமுன் வீட்டார் கூடி அமர்ந்து முடிவு செய்ய வேண்டியது அதுவே.